தோளில் சேரும் சுண்ணாம்பு: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

தோள் தசைநாணில், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாரில், கால்சியம் படிந்திருப்பதாக ரிப்போர்ட் வந்து பதறியவர்கள்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். பல வருடமாகத் தோள் வலிக்காரர்களோடு பழகும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் சொல்கிறேன்.

அக்கா, பால், கால்சியம் மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். சரிதானே?

திரும்ப ஆரம்பியுங்கள். சாப்பிடும் கால்சியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தசைநாணில் இருக்கும் செல்களே தன்மை மாறி, அங்கேயே படிகங்களைச் சேர்த்துவைக்கின்றன. 30 முதல் 60 வயதுக்குள் வருவதுதான் அதிகம். சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களிடம் கூடுதலாகப் பார்க்கிறோம்.

ஆறு மாதமாக லேசான வலி. மூன்று நாளாக உயிர் போகிறது. படிவு பெரிதாகிவிட்டதா?

அநேகமாக நேர்மாறு. கரைகிறது!

படிவு உருவாகும்போது காய்ந்த சாக்பீஸ் மாதிரி இருக்கும். வருடக்கணக்கில் சும்மாவே கிடக்கலாம்; கையைத் தூக்கினால் எங்கோ குத்தும், அவ்வளவுதான். உடம்பு அதைக் கரைக்க இறங்கும்போதுதான் ரகளை. புது ரத்தக்குழாய்கள் உள்ளே நுழையும், சாக்பீஸ் பற்பசைப் பதத்துக்கு இளகும், அழுத்தம் ஏறும். அந்தப் பக்கம் புரண்டு படுக்க முடியாது, சட்டைக்குள் கை நுழையாது. எக்ஸ்ரேயில் விளிம்பு கூராகத் தெரிந்த வெள்ளைத் திட்டு இப்போது பஞ்சுபோல மங்கலாகத் தெரியும்.

பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். அதுவரை ஐஸ் வையுங்கள். வலி மாத்திரையோ தோளில் ஸ்டீராய்டு ஊசியோ டாக்டர் முடிவு செய்வார். காய்ச்சலோடு தோள் சிவந்து கொதித்தால் கதையே வேறு. மூட்டில் கிருமி இறங்கியிருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள்.

ஷாக்வேவ் நல்லதா, ஊசியால் கழுவி எடுப்பது நல்லதா?

மாதக்கணக்கில் அடங்காத வலிக்குத்தான் இரண்டும். ஷாக்வேவ் என்பது சிறுநீரகக் கல்லை உடைக்க வந்த உத்தியின் தம்பி: வெளியிலிருந்து அதிர்வலை, சில தடவை. கழுவுவதென்றால் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே படிவுக்குள் ஊசியை இறக்கி உப்புநீரைச் செலுத்துவார்கள். சிரிஞ்சுக்குள் பால் கலங்கியதுபோல வெள்ளையாகத் திரும்பி வரும். அதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குப் பாதி வலி அங்கேயே போய்விடும். படிவு பெரிதாக இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். அறுவை சிகிச்சை, இவையெல்லாம் பலிக்காத சிலருக்கு மட்டும்.

கையைத் தூளியில் கட்டித் தொங்கவிடலாமா?

வலி உச்சத்தில் ஓரிரு நாள், சரி. அப்புறம் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் தோள் இறுகிவிடும். குனிந்து நின்று கையைத் தளரத் தொங்கவிட்டு ஊசல்போல மெதுவாக ஆட்டுவதில் தொடங்கலாம்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. ஸ்டீராய்டு ஊசி போடலாமா?

போடலாம், டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு. சில நாள் சர்க்கரை ஏறும், அடிக்கடி பரிசோதியுங்கள்.

வலியே இல்லாத இன்னொரு தோளிலும் படிவு தெரிகிறதே?

விட்டுவிடுங்கள். எக்ஸ்ரேக்கு வைத்தியம் பார்க்க வேண்டாம்.

குதிகாலுக்கு மேலே, பின்பக்கத் தசைநாணிலும் இதேதானா?

இல்லை. அங்கே பெரும்பாலும் நாள்பட்ட தேய்மானத்தோடு எலும்பு முளைப்பது. தோளில்போலத் தானாகக் கரையும் என்று காத்திருக்க முடியாது. கெண்டைக்கால் தசையைப் படிப்படியாக வலுவாக்கும் பயிற்சிதான் முதல் வைத்தியம், செருப்பில் குதிகாலைச் சற்று உயர்த்துவதும் உதவும். அந்தத் தசைநாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி வேண்டாம், அறுந்துபோகும் ஆபத்து உண்டு.