மாத்திரை சாப்பிடாதவர்கள்

அன்புள்ள அக்கா,

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். எங்கள் பகுதிப் பெண்கள் சிலர் சேர்ந்து ஐந்து ஆண்டுகளாக மார்ச் 8 அன்று மகளிர் தின விழா நடத்துகிறோம். கோலப் போட்டி, யோகா, ஒரு வழக்கறிஞரின் உரை, ரத்தப் பரிசோதனை முகாம், மதிய உணவு. காலை பத்து மணிக்குத் தொடங்கினால் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் மீன் விற்கும் பெண்களையும் வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களையும் அழைக்கிறோம். இந்த ஆண்டு விடுதலைப் போராட்ட வீராங்கனை அஞ்சலை அம்மாளைப் பற்றிக் கல்லூரி மாணவிகள் நாடகம் போடுகிறார்கள். கோலப் போட்டி வைப்பது பெண்களை மறுபடியும் வாசலிலேயே உட்கார வைப்பதாகும் என்று ஒரு தோழி சண்டை போடுகிறாள். உங்கள் கருத்து என்ன? எனக்கு இன்னொரு மனச்சோர்வும் இருக்கிறது. சென்ற ஆண்டு முகாமில் ரத்தம் குறைவாக இருந்த 41 பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். பிறகு விசாரித்தால் பெரும்பாலோர் சாப்பிடவே இல்லை. எவ்வளவு செய்தாலும் இவர்களுக்கு விழிப்புணர்வு வரமாட்டேன் என்கிறது. இந்த ஆண்டு நீங்கள் சிறப்பு விருந்தினராக வர இயலுமா?

உங்கள் வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

*

அன்புள்ள தங்கைக்கு,

கோலப் போட்டியை வையுங்கள். வைக்காமலும் இருக்கலாம். தோழிகள் இருவர் மனம் கசந்துகொள்ளும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. யோகாவைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. வழக்கறிஞர் வருகிறார் என்றால், குடும்ப வன்முறைச் சட்டம் 2005இல் வந்தது என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிவிடக் கூடாது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு அழைத்தால் மறுமுனையில் என்ன கேட்பார்கள், அடுத்து என்ன நடக்கும் என்பதைப் படிப்படியாகச் சொல்லச் சொல்லுங்கள்.

நாடகம் நல்ல யோசனை. அஞ்சலை அம்மாள் உங்கள் ஊர்க்காரர், முதுநகரில் பிறந்தவர். பிள்ளைகள் எந்தக் காட்சியைப் போடுவார்கள் என்று இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. 1934இல் காந்தி கடலூர் வந்தபோது, தடையை மீறிப் பர்தா அணிந்து குதிரை வண்டியில் போய் அவரைச் சந்தித்த காட்சி. போடட்டும். 1927இல் சென்னையில் நீல் என்ற ஆங்கிலத் தளபதியின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் சின்னஞ்சிறு மகளோடு சிறை போனதும், பின்னொரு முறை பிரசவத்துக்காக வெளியே வந்து கைக்குழந்தையோடு மறுபடி சிறைக்குத் திரும்பியதும் மேடையில் நன்றாகவே அமையும். ஆனால் தீர்த்தாம்பாளையம் என்ற ஊரின் தண்ணீர்ப் பஞ்சம் தீர வாய்க்கால் வெட்ட வைத்தவரும் அவர்தான். அஞ்சலை வாய்க்கால் என்றே அதற்குப் பெயர். அந்த வாய்க்காலுக்காக அவர் எத்தனை முறை அதிகாரிகள் வாசலில் போய் நின்றிருப்பார் என்று யோசிக்கிறேன். ஒரே மனுவை எடுத்துக்கொண்டு நான்காம் முறை போய் நிற்பதை மேடையில் காட்டுவது கடினம். உங்கள் மாணவிகளால் முடிந்தால் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்த வரிக்கு வருகிறேன். 'சாப்பிடவே இல்லை. விழிப்புணர்வு வரமாட்டேன் என்கிறது.' உங்கள் மேல் எனக்குக் கோபம், தங்கையே. நல்ல மனத்தோடு ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கென்று செலவிடுகிறவர் நீங்கள் என்பது தெரிந்தும் கோபம்தான். 41 பேருக்குக் கொடுத்தோம் என்று எண்ணி வைத்திருக்கிறீர்கள். ஏன் சாப்பிடவில்லை என்று ஒருத்தியிடமாவது உட்கார்ந்து கேட்டீர்களா?

என் அம்மா முந்திரி உடைத்தவள். பண்ருட்டிக்குக் கிழக்கே எங்கள் கிராமம். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை எரித்துவிடும் என்பதால் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவாள். அப்படியும் விரல்கள் கறுத்து, நுனித்தோல் தடித்து, ரேகை தேய்ந்துபோயிருக்கும். 1996 மகளிர் தினத்தன்று எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் விழா நடந்தது. ஒரு பக்கம் பந்தல், மேடை, பேச்சுப் போட்டி. இன்னொரு பக்கம் ரத்தப் பரிசோதனை. நான் அப்போது கல்லூரி மாணவி. பெண் விடுதலையைப் பற்றிப் பேசி முதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கினேன். நான் மேடையில் முழங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா அந்த வரிசையில் நின்றிருக்கிறாள். தடித்த தோலில் ஊசி இறங்காமல் மூன்று விரல்களில் குத்தியிருக்கிறார்கள். சீட்டில் ஹீமோகுளோபின் 7.4 என்று எழுதி, முப்பது மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் 7.4. எட்டுக்குக் கீழே போனால் மருத்துவர்கள் அதைக் கடுமையான ரத்தச் சோகை என்கிறார்கள். அம்மாவுக்கு அது வெறும் எண். சீட்டை ரேஷன் கார்டு உறைக்குள் செருகி வைத்தாள்.

மாத்திரையை நான்கு நாள் சாப்பிட்டாள். விடியற்காலை ஐந்து மணிக்கு, வெறும் வயிற்றில், கடுங்காப்பியோடு. குமட்டிக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள் மலம் தார் போலக் கறுப்பாகப் போனதைப் பார்த்துப் பயந்துவிட்டாள். உள்ளே ரத்தம் கெட்டுப் போகிறது என்று நினைத்தாளாம். யாரிடம் கேட்பாள்? முகாம் நடத்தியவர்கள் பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். மகளிடம் கேட்கலாம் என்றால், மகள் விடுதியில் இருந்தாள், அடுத்த பேச்சுப் போட்டிக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டு. மிச்ச மாத்திரைகளைக் கொல்லையில் கொட்டிவிட்டாள்.

மறுவருடமும் அதே முகாம். 6.9. மேசையில் இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும், "போன வருடமே கொடுத்தோமே, ஏன் சாப்பிடவில்லை? உங்களுக்கெல்லாம் எத்தனை முறைதான் சொல்வது?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அம்மா எந்த முகாமுக்கும் போகவில்லை.

உங்கள் வரியைப் படித்தபோது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

பிறகு எங்கள் தெருவில் மகளிர் சங்கம் தொடங்கினார்கள். பதினைந்து பேர். வியாழக்கிழமை தோறும் இரவு சமையல் முடிந்து எங்கள் திண்ணையில் கூட்டம். வாரம் இருபது ரூபாய் சேமிப்பு, கடன் கணக்கு, ஒரு கையெழுத்து, இரண்டு கைநாட்டு, கொஞ்சம் சண்டை. மேடை, மாலை, பேச்சு எதுவும் கிடையாது. ஊக்குநராக இருந்த அத்தை அம்மாவின் வெளுத்த நகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்திருக்கிறாள். அப்போதுதான் அம்மா முதன்முதலாக வாய் திறந்து சொன்னாள்: மாதம் ஒன்பது நாள், பத்து நாள் உதிரம் போகிறது, மூன்று ஆண்டுகளாக. இரண்டு முகாம்களில் ஐந்து விரல்களில் ஊசி குத்தியவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. ஆண்களும் நடமாடும் மைதானத்தில் வரிசையில் நின்றுகொண்டு அவளாகச் சொல்லியிருக்கவும் முடியாது.

அத்தை எழுதப் படிக்கத் தெரியாதவள். மகளின் பிரசவத்தின்போது கிராம சுகாதாரச் செவிலியர் சொன்னதை மட்டும் மறக்காமல் வைத்திருந்தாள். இரவு சோற்றுக்குப் பிறகு போட்டுக்கொள். முன்னேயும் பின்னேயும் ஒரு மணி நேரம் டீ, காப்பி கூடாது, அவை இரும்பை உடம்பில் சேரவிடாது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகத்தான் போகும், பயப்படாதே. மூன்று மாதம் விடாமல் சாப்பிடு, ரத்தம் ஏறிய பிறகும் உடனே நிறுத்தாதே. இவ்வளவுதான். முகாமில் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியும் இருப்பார்கள், ஒலிபெருக்கியில், அம்மா வரிசையில் நின்ற நேரத்தில். ஆனால் மூன்றாம் நாள் பயம் வரும்போது கேட்பதற்கு வியாழக்கிழமை என்று ஒன்று இருந்ததால்தான் அம்மா ஐந்தாம் நாளும் மாத்திரை போட்டாள். அவளோடு சேர்ந்து ஐந்து பேர் போட்டார்கள். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். அத்தையே அம்மாவைக் கையோடு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். கர்ப்பப்பையில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். அறுவை சிகிச்சைக்குச் சங்கத்திலிருந்து கடன் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 10.8. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது வயதானதால் என்று நினைத்திருந்தவள், நாற்பத்தி இரண்டு வயதில் தனக்கு வயதாகவில்லை என்று தெரிந்துகொண்டாள்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தச் சோகை. உங்கள் பந்தலில் கோலம் போடுகிறவர்களிலும், பரிசு கொடுக்கிறவர்களிலும் இருப்பார்கள். உங்களுக்கே இருக்கலாம். பரிசோதித்துப் பார்த்தீர்களா? மாத்திரை வாங்க நன்கொடை திரட்டவும் வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். அந்தப் பெண்களுக்குக் கொடுக்க உங்களிடம் இல்லாதது இரண்டாவது தேதி. ஒவ்வொருத்தியின் சீட்டிலும் எண்ணுக்குப் பக்கத்தில் அடுத்த வியாழக்கிழமை என்று எழுத ஒரு கோடு போட்டு வையுங்கள். அன்றைக்கு உங்களில் ஒருத்தி போய் அவர்கள் தெருவில் உட்கார வேண்டும். அடுத்த வாரமும். பன்னிரண்டு வாரம். முதல் வாரம் நால்வர்தான் வருவார்கள், மனம் தளராதீர்கள். மாத்திரையைப் பற்றி முதலில் பேசாதீர்கள். தூக்கம் வருகிறதா, மாதவிலக்கு எத்தனை நாள் இருக்கிறது, வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார், அந்த நேரத்துக்குப் பாத்திரத்தில் குழம்பு மிஞ்சுகிறதா என்று கேளுங்கள். ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் எண் ஏறவில்லை என்றால் வேறு காரணம் இருக்கும். அதிக உதிரப்போக்கோ, குடற்புழுவோ, வேறு எதுவோ. அப்போது மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். 'போங்கள்' என்று சொல்லி அனுப்பாதீர்கள், கூடப் போங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காலை பத்து மணிக்கு மீன்காரப் பெண்ணை அழைக்கிறீர்களே, அந்த நேரத்தில் அவள் எங்கே இருப்பாள்? விடியலில் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருப்பாள். ஐஸ் கரைவதற்குள் விற்றாக வேண்டும். உங்கள் விழாவுக்கு வந்தால் அன்றைக்குப் போட்ட முதல் போயிற்று. அப்படியும் வந்த பெண்கள், ஒரு நாள் வருமானத்தை விட்டுவிட்டு உங்களிடம் விரலை நீட்டியவர்கள். அவர்களுக்கு விழிப்பு இல்லை என்று எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது? விழாவை நான்கு மணிக்கு வையுங்கள்.

கடுமையாக எழுதிவிட்டேன். ஊருக்கு நல்லது செய்கிற பெண்ணிடம் இப்படிப் பேசலாமா என்று மறுபடி படித்துப் பார்த்தேன். எதையும் அடிக்கத் தோன்றவில்லை. மாத்திரை கொடுத்த பிறகு போய் விசாரித்தீர்கள் அல்லவா? எங்கள் ஊருக்கு அப்படி யாரும் திரும்பி வந்து விசாரிக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் இத்தனையும் சொல்லத் தோன்றியது.

மார்ச் 8 அன்று என்னை மேடைக்கு அழைக்காதீர்கள். அந்த டிபன் பாக்ஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது, எனக்கு அது போதும். அதற்கு அடுத்து வரும் வியாழக்கிழமை தேவனாம்பட்டினத்தில் எந்தத் தெருவில், எந்த வீட்டுத் திண்ணையில் உட்காருகிறீர்கள் என்று எழுதுங்கள். மாலை ஐந்து மணிக்குள் வந்துவிடுகிறேன். ஒரு கிலோ பெரிய நெல்லிக்காய் வாங்கி வருகிறேன். சீட்டு எழுத நோட்டும் பேனாவும் நீங்கள் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
அக்கா