அண்ணன் வயலுக்கு மடை திறப்பீர்களா?

கேள்வி: அப்பா விட்டுப்போன நிலத்தில் 3 மாவை அண்ணன் எனக்குத் தெரியாமல் தன் பெயருக்கு எழுதிக்கொண்டார். தஞ்சாவூர் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. இப்போது அவர் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். வயலை அவர் மகன் பார்க்கிறான். 'ஒரு எட்டு போய்ப் பாருங்க' என்கிறாள் மனைவி. மனசு வரவில்லை. சர்ச் பூசையில், இயேசு கற்பித்த செபத்தில் 'எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல' என்ற இடம் வந்தால் வாயை மூடிக்கொள்கிறேன். மன்னிப்பதென்றால் வழக்கை வாபஸ் வாங்கணுமா? முன்பு என் மடையை அவர் அடைத்தார். போன குறுவையில் நானும் அவர் மடையில் வைக்கோலைத் திணித்தேன்.

- பெயர் வேண்டாம், பூண்டி அருகே

பதில்: பாதிப் பேர் யோசிக்காமல் ஒப்பிக்கிற வரி அது. நீங்கள் யோசித்ததால்தான் வாய் வரவில்லை. அதற்காக வருத்தப்படாதீர்கள்.

மத்தேயு 18-இல் இயேசு சொன்ன கடன்காரன் கதை தெரிந்திருக்கும். பத்தாயிரம் தாலந்து கடனை ராஜா தள்ளுபடி செய்கிறார். வெளியே வந்தவன், தனக்கு நூறு தெனாரியம் தர வேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. நூறு நாள் கூலி சின்னத் தொகையா என்று நூறு நாள் வேலைக்குப் போகிற யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்! உங்கள் நஷ்டம் ஒன்றுமே இல்லை என்று இயேசு சொல்லவில்லை. 3 மா என்றால் கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் ஒரு தாலந்துக்கு ஆறாயிரம் தெனாரியம். ராஜா விட்டுக்கொடுத்தது ஆறு கோடி நாள் கூலி. கதை அந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

எத்தனை தடவை மன்னிக்க வேண்டும் என்று சீடர் பேதுரு கேட்ட கேள்விக்கு 'ஏழெழுபது தடவை' என்று பதில் வந்ததே, அது ஏழெழுபது தப்புகளுக்கு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரே தப்பு தினமும் காலையில் வரப்பில் நடக்கும்போது ஞாபகத்துக்கு வரும். அன்றன்றைக்கு மன்னிக்க வேண்டியதுதான்.

சரி, வழக்கு. வாபஸ் வாங்க வேண்டியதில்லை. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், 1981-இல் தன்னைச் சுட்டவரைச் சில நாளிலேயே மன்னித்தார். 1983-இல் சிறைக்கே போய் அவரோடு உட்கார்ந்து பேசினார். சுட்டவரோ 2000 வரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தார். பங்கு கேட்பது உங்கள் உரிமை. அண்ணன் மகன் பேச முன்வந்தால் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடித்துக்கொள்ளலாம். அவரைக் கோர்ட்டுக்கு இழுத்து அலைக்கழிக்க வேண்டும் என்பதற்காகவே வாய்தாவுக்குப் போகிறீர்கள் என்றால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

எனக்கு உறுத்தியது கடைசி வரி. போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அவர் அடைத்தது அவர் கணக்கு. நீங்கள் திணித்த வைக்கோலுக்கு நீங்கள்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவும் அண்ணனிடம் மட்டும் போதாது, பயிர் வாடிப்போன அந்தப் பையனிடமும்.

அடுத்த முறைத் தண்ணீர் வரும் நாளில் மண்வெட்டியோடு போய், அவர்கள் மடையில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்துத் திறந்துவிடுங்கள். வாய்க்காலிலேயே கை கால் கழுவிக்கொண்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போங்கள். நிலப் பேச்சை அவர் எடுத்தால், "அது கோர்ட்ல இருக்குண்ணே, நீ மாத்திரை போட்டியா?" என்று கேளுங்கள்.