வான்கோழி வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா?

கேள்வி: வரும் வசந்த காலத்தில் காட்டு வான்கோழி வேட்டைக்கு வருமாறு அலுவலக நண்பர்கள் அழைக்கிறார்கள். மூன்றரை அங்குலத் தோட்டா போடக்கூடிய 12 கேஜ் ஷாட்கன் வாங்கினால்தான் சரிப்படும் என்கிறார் ஒருவர். 20 கேஜே போதும் என்கிறார் கடைக்காரர். நான் இதுவரை துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. எதை வாங்குவது?
– ஒரு வாசகர், பிட்ஸ்பர்க், பென்சில்வேனியா

பதில்: கடைக்காரர் சொல்வதையே நானும் சொல்வேன். காரணம் புரிய, முதலில் எங்கே சுடுகிறோம் என்பது தெரிய வேண்டும். முதிர்ந்த வான்கோழிச் சேவல் எட்டு முதல் பத்து கிலோ வரை எடையுள்ளது. அதன் உடலைத் தடித்த இறகும் நெஞ்சுத் தசையும் மூடியிருக்கின்றன. உடலில் சுட்டால் அது காயத்தோடு ஓடி, நம் கைக்கு எட்டாத புதரில் கிடந்து சாகும். ஆகவே தலையையும் கழுத்தெலும்பையும் குறிவைத்தே சுடுவார்கள். அவ்வளவு சிறிய இலக்கில், ஒரு தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகளில் எத்தனை போய் விழுகின்றன என்பதுதான் துப்பாக்கியையும் தோட்டாவையும் தீர்மானிக்கிறது. 40 கெஜ தூரத்தில், பத்து அங்குல வட்டத்துக்குள் நூறு குண்டுகளாவது விழ வேண்டும் என்பது வேட்டைக்காரர்களிடையே நெடுநாளாக வழங்கிவரும் கணக்கு.

கேஜ் எண் கூடக்கூடக் குழலின் விட்டம் குறையும். 12 கேஜ் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர், நம் ஊரில் 12 போர் என்பதும் இதுவே. 20 கேஜ் 15.6 மில்லிமீட்டர். ஈயக் குண்டுகள் மட்டுமே இருந்த காலத்தில் பெரிய குழலுக்கும் நீளத் தோட்டாவுக்கும் நியாயம் இருந்தது. 1988இல் மூன்றரை அங்குலத் தோட்டா வந்ததோ, நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்துக்குப் பதிலாக வந்த எடை குறைந்த எஃகுக் குண்டுகளுக்காக. இன்று நிலைமை வேறு. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11 கிராம் என்றால், டி.எஸ்.எஸ். எனப்படும் டங்ஸ்டன் குண்டின் அடர்த்தி 18 கிராம். அதனால் இரண்டு மில்லிமீட்டரே உள்ள 9ஆம் எண் டங்ஸ்டன் குண்டு (குண்டின் எண் கூடக்கூட அதன் அளவு குறையும்), அதைவிடப் பெரிய ஈயக் குண்டு துளைக்கும் அளவுக்குத் துளைக்கிறது. 5ஆம் எண் ஈயக் குண்டுகள் ஓர் அவுன்ஸுக்கு 170 என்றால், இவை சுமார் 360. ஒன்றரை அவுன்ஸ் நிரப்பிய மூன்று அங்குல 20 கேஜ் தோட்டாவிலேயே ஐந்நூறுக்கு மேற்பட்ட குண்டுகள் இருக்கும்.

மூன்றரை அங்குலத் தோட்டாவை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் அதன் உதை. வான்கோழிக்காகக் காத்திருப்பவர் மரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் அமர்ந்திருப்பார். எடை குறைந்த பம்ப் (கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும்) துப்பாக்கியின் உதை முழுவதையும் அவர் தோள்தான் வாங்க வேண்டும். இரண்டு முறை அப்படி வாங்கியவர், மூன்றாம் முறை விசையை அழுத்துவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொள்வார். நண்பர் இதை உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்.

டங்ஸ்டன் தோட்டாவின் விலை ஈயத்தைப்போலப் பல மடங்கு. 35 கெஜத்துக்குள் மட்டுமே சுடுவேன் என்ற கட்டுப்பாடு உள்ளவருக்கு 5 அல்லது 6ஆம் எண் ஈயத் தோட்டா தாராளமாகப் போதும். அதற்கு 12 கேஜில் மூன்று அங்குலம் நல்ல தேர்வு. பென்சில்வேனியாவில் ஈயக் குண்டு 4ஆம் எண்ணைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது என்பது விதி. முதன்முறை உரிமம் பெறுபவர் வேட்டைப் பயிற்சி வகுப்பையும் முடித்திருக்க வேண்டும்.

குழலின் வாயில் திருகிப் பொருத்தும் சோக்தான் குண்டுகளின் பரவலைக் கட்டுப்படுத்துகிறது. வான்கோழிக்கென்றே மிகக் குறுகலான சோக்குகள் விற்கிறார்கள். ஆனால் குறுகக் குறுக நல்லது என்று பொருளில்லை. ஒரே சோக், ஒரே தோட்டா, இரண்டு துப்பாக்கிகளில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஆகவே பெரிய காகிதத்தை 40 கெஜ தூரத்தில் கட்டி, துப்பாக்கியை மேசைமேல் முட்டுக்கொடுத்து வைத்துச் சுட்டு, குண்டுகள் அடர்ந்து விழுந்த இடத்தைச் சுற்றிப் பத்து அங்குல வட்டம் வரைந்து துளைகளை எண்ணுங்கள். வட்டத்தின் நடு, நீங்கள் குறிவைத்த புள்ளியிலிருந்து விலகியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பத்து கெஜத்திலும் ஒருமுறை சுட்டுப் பாருங்கள். அங்கே பரவல் எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கியிருக்கும். மிக அருகில் வந்த சேவல் தப்பிப் போவது பெரும்பாலும் இதனால்தான். பறவையைப் பார்க்கும் ஆவலில் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து தூக்கினாலும் குண்டுகள் அதன் தலைக்கு மேலே போய்விடும். சிவப்புப் புள்ளிக் குறிநோக்கி பொருத்தினால் இந்தப் பிழை வெகுவாகக் குறையும்.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். ஷாட்கன் வாங்க முடியுமா? நண்பருடையதை இரவல் வாங்கலாமா?
– ஒரு வாசகர், ஆஸ்டின், டெக்சஸ்

பதில்: குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ஆனால் ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் உள்ளவருக்கு விதிவிலக்கு உண்டு. ஆகவே உரிமத்தை முதலில் எடுங்கள். கடையில் 4473 எண் படிவத்தை நிரப்பும்போது அதைக் காட்ட வேண்டியிருக்கும். சட்டத்தின் கண்ணில் இரவல் துப்பாக்கியும், சட்டைப்பையில் கிடக்கும் ஒற்றைத் தோட்டாவும் வைத்திருப்பதாகவே பொருள்படும். உரிமம் காலாவதியாகும் நாளில் விதிவிலக்கும் போய்விடும் என்பதால், பருவம் முடிந்ததும் துப்பாக்கியை அலமாரியில் வைத்துவிட்டு உரிமத்தை மறந்துவிடாதீர்கள். விசாவே பணயமாக இருக்கும் விஷயம். வாங்குவதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிடுவது செலவுக்குத் தகும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

கேள்வி: கலிபோர்னியாவில் ஈயத் தோட்டா கூடாதாமே?
– ஒரு வாசகி, சாக்ரமெண்டோ

பதில்: கூடாது. 2019 ஜூலை 1 முதல் அங்கே எந்த வேட்டைக்கும் ஈயம் பயன்படுத்தத் தடை. டங்ஸ்டன், பிஸ்மத், எஃகு ஆகியவை உங்களுக்கு உள்ள வழிகள். எஃகு ஈயத்தைவிட எடை குறைந்தது; குண்டு பெரிதாகவும், சுடும் தூரம் குறைவாகவும் இருக்க வேண்டும். ஈயத்துக்கென்று செய்த குறுகிய சோக்கில் எஃகைச் சுட்டால் சோக்கும் குழலும் கெடும். எந்தக் குண்டுக்கு உகந்தது என்பது சோக்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இல்லையெனில் தயாரிப்பாளரின் குறிப்பைப் பாருங்கள்.

கேள்வி: கணவரிடம் 12 கேஜ், என்னிடம் 20 கேஜ். இருவர் தோட்டாக்களையும் ஒரே பையில் எடுத்துச் செல்லலாமா?
– ஒரு வாசகி, அட்லாண்டா, ஜார்ஜியா

பதில்: ஒருபோதும் வேண்டாம். தவறி 12 கேஜில் போட்ட 20 கேஜ் தோட்டா, குழலின் பின்முனையில் தோட்டா பொருந்தும் அறையில் நிற்காமல் வழுக்கிச் சென்று குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். விசையை அழுத்தினால் எதுவும் வெடிக்காது. தோட்டாவே போடவில்லை என்று எண்ணி அடுத்ததைப் போட்டுச் சுட்டால், முன்கை பிடித்திருக்கும் இடத்தில் குழல் வெடித்துச் சிதறும். 20 கேஜ் தோட்டாக்களைப் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான். அவற்றைத் தனிப் பையில் வையுங்கள். சென்ற முறை அணிந்த மேலங்கியின் பைகளையும் துழாவிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். துப்பாக்கி பழையதாக இருந்தால், குழலின் பக்கவாட்டில் பொறித்துள்ள அறை நீளத்தையும் பாருங்கள். இரண்டே முக்கால் அங்குல அறைக்குள் மூன்று அங்குலத் தோட்டா தடையின்றி நுழைந்துவிடும். வெடிக்கும்போது அதன் முனைமடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் அபாய அளவுக்கு ஏறும்.