குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்தை எங்கே தேடுவது?

கேள்வி: என் கணவருக்கு 42 வயது, விசைத்தறி ஓட்டுகிறார். போன வருடம் நகையை அடகு வைத்து ஒரு மறுவாழ்வு மையத்தில் 30 நாள் வைத்திருந்தோம். திரும்பி வந்து மூன்று மாதம் தொடவில்லை, தீபாவளிக்கு மறுபடி ஆரம்பித்துவிட்டார். இப்போது அவராகவே "விட்டுடணும்" என்கிறார், ஆனால் மையத்துக்கு மட்டும் வரமாட்டாராம். குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்கு அனுப்பச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. அது சர்ச்சில் நடக்குமாம், மதம் மாற்றிவிடுவார்களோ என்று மாமியாருக்குப் பயம். எங்கே தேடுவது? சாம்பாரில் மாத்திரை கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்கிறார்களே, அது சரியா?
(பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்)

பதில்: மாத்திரையை முதலில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம்மா. பெரும்பாலும் டைசல்ஃபிரம் என்ற மருந்தைத்தான் அப்படிக் கொடுக்கச் சொல்வார்கள். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, சில சமயம் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். டாக்டர் பரிசோதித்து, உங்கள் கணவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது.

இன்னொன்று. தினமும் நிறையக் குடிக்கிறவர் வீட்டில் உட்கார்ந்து ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வியர்வையில் ஆரம்பித்து வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் சுவரில் பூச்சி ஊர்கிறது, பாம்பு வருகிறது என்று பிதற்றலாம். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அது அவசர சிகிச்சை வேண்டிய நிலை. நிறுத்துவதற்கு முன்பே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள்.

இனி கூட்டம். அதற்கு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று பெயர், சுருக்கமாக ஏஏ. 1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊருக்கு வியாபார வேலையாகப் போன பில் என்பவர், குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர், போன காரியம் கெட்டுப்போய் ஹோட்டல் வரவேற்பறையில் நிற்கிறார். பக்கத்திலேயே பார். உள்ளே போகாமல் தொலைபேசியை எடுத்து, இந்த ஊரில் பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று விசாரித்தார். கிடைத்தவர் ஒரு டாக்டர். அந்த இரண்டு பேரில் ஆரம்பித்தது, 1957-ல் இந்தியாவுக்கும் வந்தது. இன்றும் அங்கே நடப்பது அந்தப் பேச்சுதான். குடித்து அழிந்தவர் இன்னொருவரிடம் தன் கதையைச் சொல்கிறார், கேட்கிறவருக்கு "இது என் கதையாச்சே" என்று தோன்றுகிறது, டாக்டரும் நாமும் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் வராத நம்பிக்கை அங்கே வருகிறது.

மாமியாரிடம் சொல்லுங்கள், இது எந்த மதத்தையும் சேர்ந்தது இல்லை. குறைந்த வாடகையில் இடம் கிடைப்பதால் சர்ச் ஹாலிலோ பள்ளிக்கூடத்திலோ கூடுகிறார்கள், அவ்வளவுதான். கடவுள் என்ற வார்த்தை வரும், ஆனால் எந்தக் கடவுள் என்பது அவரவர் விருப்பம். கட்டணம் கிடையாது. உண்டியல் மாதிரி ஒன்று சுற்றி வரும், முதல் நாள் வந்தவர் எதுவும் போட வேண்டியதில்லை. முழுப் பெயர், ஊர், வேலை எதுவும் சொல்லத் தேவையில்லை. குடியை நிறுத்தணும் என்ற ஆசை இருந்தால் போதும்.

எங்கே தேடுவது? 14446, போதை மீட்புக்கான மத்திய அரசின் இலவச எண். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எங்கே கூட்டம், என்றைக்கு என்று கேளுங்கள். அதில் தகவல் கிடைக்காவிட்டால், நான் சொன்ன அந்த மனநலப் பிரிவில் ஆலோசகரைக் கேளுங்கள், உங்கள் கணவர் 30 நாள் இருந்த மையத்திலும் தயங்காமல் கேளுங்கள். திறந்த கூட்டம் என்று சில நாள் வைப்பார்கள், அதற்குக் குடும்பத்தாரும் போகலாம். முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் வேறு குழு, ஏனென்றால் எல்லா இடமும் எல்லாருக்கும் ஒத்துவராது. முடிந்தால் அவர் வழக்கமாகக் கடைக்குக் கிளம்புகிற நேரத்தில் நடக்கும் கூட்டமாகப் பாருங்கள், அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுவதுதான் ஆரம்பத்தில் பெரிய பாடு.

தீபாவளிக்குக் குடித்ததை மட்டும் தினமும் சொல்லிக் காட்டாதீர்கள், ப்ளீஸ். மூன்று மாதம் இருந்தாரே, அது அவரால் முடிந்த காரியம். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் நாலைந்து முறை விழுந்து எழுந்தவர்களும் இருப்பார்கள், யாரும் அவரை ஏளனமாகப் பார்க்க மாட்டார்கள்.

உங்களுக்கும் ஒரு கூட்டம் உண்டு, அல்-அனான் என்று, குடிநோயாளிகளின் குடும்பத்துக்காக 1951-ல் அந்த பில்லின் மனைவியும் சேர்ந்து தொடங்கியது. உங்கள் கணவர் ஏஏ-வுக்குப் போனாலும் போகாவிட்டாலும் நீங்கள் இதற்குப் போகலாம். என் அண்ணன் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அண்ணிதான் முதலில் போனார். இரண்டாவது வாரம் அங்கிருந்து வந்து, ரொம்ப நாளைக்கு அப்புறம் இரவு முழுக்கத் தூங்கினேன் என்றார். அண்ணன் ஏஏ-வுக்குப் போனது அதற்கு எட்டு மாதம் கழித்து.