கிடைத்த எலும்புக்கூடு என் தம்பியுடையதுதானா?

கேள்வி: 11 ஆண்டுகளுக்கு முன், 24 வயதில் காணாமல் போன என் தம்பியின் விவரங்களோடு ஒத்துப்போகும் எலும்புக்கூடு ஒன்று கிடைத்திருப்பதாகக் காவல்துறையினர் சொல்கிறார்கள். அவன் பயன்படுத்திய பொருள் எதுவும் எங்களிடம் இல்லை, அப்பாவும் இறந்துவிட்டார். எலும்பை வைத்தே உறுதி செய்ய முடியுமா? அம்மாவும் நானும் என்ன கொடுக்க வேண்டும்?

பதில்: 'ஒத்துப்போகிறது' என்பதற்கு, உங்கள் தம்பியாக இருக்கும் வாய்ப்பு இன்னும் விலக்கப்படவில்லை என்று மட்டுமே இப்போதைக்குப் பொருள் கொள்ளுங்கள். எலும்புகளை ஆராயும் தடயவியல் மானிடவியலாளர் இடுப்பெலும்பைக் கொண்டு ஆணா பெண்ணா என்பதையும், தொடை எலும்பின் நீளத்தைக் கொண்டு சில செ.மீ. முன்பின்னாக உயரத்தையும் கணிக்கிறார். தோளையும் மார்பையும் இணைக்கும் காறை எலும்பின் மார்புப் பக்க முனை, வளர்ச்சி முடிந்து எலும்போடு ஒட்டிக்கொள்வது பெரும்பாலோருக்கு 20 முதல் 30 வயதுக்குள் நிகழ்வதால், இளைஞர்களின் வயதை ஓரளவு நெருக்கமாகவே சொல்ல முடியும். ஆனால் அது இறந்தபோதிருந்த வயது. காணாமல் போனபோதிருந்த வயதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இவையெல்லாம் தேடும் வட்டத்தைச் சுருக்கும், பெயரைச் சொல்லாது. பெயர் கிடைப்பது, உயிரோடிருந்தபோது எடுத்த பதிவுகளோடு ஒப்பிடும்போதுதான். ஆகவே பல் மருத்துவக் குறிப்புகள், எந்தக் காரணத்துக்காகவேனும் எடுத்த எக்ஸ்ரேக்கள், அறுவை சிகிச்சையில் தகடு பொருத்தியிருந்தால் அதன் விவரம், முன்பற்கள் தெரியச் சிரிக்கும் புகைப்படங்கள் ஆகியவற்றைத் தேடுங்கள். சைனஸ் தொல்லைக்காக எடுத்த பழைய எக்ஸ்ரேகூடப் பயன்படும். நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபடும். சிறு வயதில் தம்பிக்குக் கை முறிந்திருந்து, அதன் தடம் எலும்பில் இல்லையென்று சொன்னால், அது அவனல்ல என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். அத்தகைய முறிவு காலப்போக்கில் சுவடின்றி ஆறிவிடலாம்.

அவன் பொருள் எதுவும் இல்லாதது பெரிய தடையல்ல. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரியை முதலில் அம்மாவும், அடுத்து நீங்களும் கொடுங்கள். ஒரு செல்லில் மிகப் பல பிரதிகளாக இருப்பதால் பழைய எலும்பிலும் பெரும்பாலும் எஞ்சியிருக்கும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. (செல்லின் உட்கருவுக்கு வெளியே உள்ள மரபுப்பொருள்) தாய்வழி வருவது, தாய்வழி உறவினர் அனைவருக்கும் அது பொதுவாகையால், அது மட்டும் பொருந்துவது போதாது. நீங்கள் ஆணாக இருந்து, இருவருக்கும் தந்தை ஒருவரேயானால், தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் உங்கள் ஒய் குரோமோசோம் அப்பாவின் மாதிரி இல்லாத குறையை ஓரளவு ஈடுசெய்யும்.

இதற்கு நாளாகலாம். நாஜி மருத்துவர் ஜோசப் மெங்கலேயின் எலும்புகளை 1985இல் பிரேசிலில் தோண்டியெடுத்து நிபுணர்கள் அடையாளம் கண்டபோதும், டி.என்.ஏ. சோதனை அதை உறுதிப்படுத்தியது 1992இல்தான். இப்போது அவ்வளவு காலம் ஆவதில்லை. எனினும் எந்தெந்த ஒப்பீடுகள் செய்யப்பட்டன என்பதைக் கூறும் எழுத்துப்பூர்வ அறிக்கையைக் கேட்டுப் பெற்ற பிறகே இறுதிச்சடங்கு குறித்து முடிவெடுங்கள்.