பாக்ஸ்வுட் வாடுகிறதா? முதலில் வேரைப் பாருங்கள்

கேள்வி: அக்கா, போன செப்டம்பரில் வாசல் படிக்கு இரண்டு பக்கமும் ஆறு பாக்ஸ்வுட் செடி (வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும் சின்ன இலைப் புதர்ச்செடி) நட்டேன். எங்கள் பக்கம் களிமண். தினமும் சாயங்காலம் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விடுகிறேன். அப்படியும் மூன்று செடியில் இலை வெளுத்து, கிளை கிளையாகக் காய்கிறது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் கூட்டட்டுமா?
— வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: வேண்டாம் அம்மா, இன்றைக்கே குழாயை மூடுங்கள். பாக்ஸ்வுட்டின் வேர் ஆழமாகப் போகாது, மேல்மண்ணிலேயே படர்ந்து கிடக்கும். நம் டர்பனில் கோடைதான் மழைக்காலம், அதோடு தினமும் நீங்களும் ஊற்றினால் களிமண்ணில் அந்த வேருக்கு மூச்சுவிட வழியே இல்லை. வேர் அழுகிவிட்டால் ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும், நாம் அதைப் பார்த்துவிட்டு மேலும் ஊற்றுவோம். இப்படித்தான் நானும் நாலு செடியைப் பறிகொடுத்தேன். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தபோது வேர் பழுப்பாக இருந்தது. விரலால் லேசாக இழுத்ததும் மேல்தோல் உறை மாதிரி கழன்று வந்து உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சியது. நல்ல வேர் வெளுப்பாக, உறுதியாக இருக்கும். காய்ந்துபோன செடியில் ஒன்றை எடுத்து நீங்களும் பாருங்கள், அழுகியிருந்தால் அந்தக் குழியில் திரும்பவும் பாக்ஸ்வுட் வைக்காதீர்கள், நோய் மண்ணிலேயே தங்கியிருக்கும்.

மிச்சம் மூன்றைக் காப்பாற்றலாம். பக்கத்தில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள், வடிந்ததும் இன்னொரு தடவை நிரப்புங்கள். நாலைந்து மணி நேரம் கழித்தும் தேங்கி நின்றால் அந்த இடம் சரியில்லை. அப்போது கம்போஸ்ட் கலந்த மண்ணால் மேடு கட்டி, செடியை வேர்மண்ணோடு எடுத்து அதன் மேல் வையுங்கள். வேர்மண்ணின் தலை தரையைவிட இரண்டு விரல் உயரமாகவே நிற்கட்டும். குழியின் அடியில் சரளைக்கல் போட்டால் வடியும் என்பார்கள், அதை நம்பாதீர்கள், தண்ணீர் கல்லுக்கு மேலேயே தேங்கும். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகுதான் தண்ணீர், அதுவும் காலையில், அடியில் மட்டும். இராத்திரி முழுக்க இலை நனைந்து கிடந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

கேள்வி: எங்கள் அசேலியா பூத்துக் குலுங்குகிறது, அதன் பக்கத்தில் வைத்த பாக்ஸ்வுட் மட்டும் வளரவே இல்லை. குளிர்காலத்தில் இலை செம்பு நிறமாகிறது. எப்போது வெட்டலாம்?
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: தம்பி, அசேலியாவே உங்களுக்குப் பதில் சொல்கிறது. அதற்குப் புளிப்பு மண் பிடிக்கும், பாக்ஸ்வுட்டுக்கு மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 6.5 முதல் 7 வரை இருந்தால் நல்லது. முதலில் மண்ணைச் சோதியுங்கள், புளிப்பு அதிகமென்றால் பாக்ஸ்வுட்டைத் தள்ளி நட்டு அங்கே மட்டும் விவசாயச் சுண்ணாம்பு போடுங்கள். அசேலியாவின் காலடியில் சுண்ணாம்பு பட்டால் அது கெட்டுவிடும். நம் ஊர்க் குளிர்காலமான ஜூன், ஜூலையில் செம்பு நிறம் வருவது குளிராலும் வெயிலாலும், வசந்தத்தில் தானாகப் பச்சையாகும், அதைப் பார்த்து உரம் கொட்டாதீர்கள்.

பனி விட்டதும், செப்டம்பர் கடைசியில் வெட்டலாம். பிப்ரவரிக்குப் பிறகு கத்தரி எடுக்க வேண்டாம், அப்புறம் வரும் இளந்தளிர் மே மாதப் பனியில் கருகும். மேலே மட்டும் வழித்துக்கொண்டே போனால் வெளியே பச்சைச் சுவர், உள்ளே வெறும் குச்சி என்று ஆகிவிடும். அங்கங்கே கையை உள்ளே விட்டு ஒரு சாண் நீளக் கிளைகளை ஒடித்தெடுங்கள், வெளிச்சமும் காற்றும் உள்ளே போகட்டும். ஒவ்வொரு செடிக்கும் நடுவில் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைப்பது முக்கியம்.

கேள்வி: வீட்டில் நாய்க்குட்டி இருக்கிறது. பாக்ஸ்வுட் வைக்கலாமா?
— வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: இலையில் நஞ்சு உண்டு அம்மா, தின்றால் வாந்தியும் பேதியும் வரும். எல்லாவற்றையும் கடிக்கிற வயது தாண்டும்வரை பொறுங்கள். வெட்டிய கிளைகளை ஆடு மாடுக்கும் போடாதீர்கள், அவற்றுக்கும் ஆகாது.