அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் ஊர்ப்புற நூலகத்தில் இருக்கேன். புதுப் புத்தகம் வந்தால் சொல்ல வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். ஒரே வாரத்தில் காலை வணக்கப் பூவாக நிறைஞ்சுட்டு. ஒரு பிள்ளையின் நம்பரை எடுத்து எவனோ பேசியிருக்கான். கலைச்சிரவா?

பதில்: கலைச்சிரு தங்கச்சி. 'அட்மின் மட்டும்' என்று மாற்றினால் பூ நிற்கும். ஆனால் குழுவில் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியுமே. வாட்ஸ்அப்பிலேயே சேனல் தொடங்கு. பின்தொடர்கிறவங்க நம்பர் ஒருத்தருக்கொருத்தர் தெரியாது.

நானும் பட்டவன்தான். நூலகத்தில் இருந்த கடைசி வருஷம் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியா அனுப்புற பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு ரெண்டு மாசம் அனுப்பினேன். ஒரு ஆள் வரலை. அப்புறம்தான் தெரிஞ்சுது, என் நம்பரைத் தன் போனில் பதிஞ்சவங்களுக்கு மட்டுந்தான் அது போகும்னு! பதிஞ்சிருந்தது எதிர்த்த டீக்கடைக்காரர் ஒருத்தர்தான்; அவருக்கு வாசிப்பு தினத்தந்தியோட சரி.

சேனலில் போடப் புதுப் புத்தகத்தைப் படம் எடுக்கும்போது அட்டையை மட்டும் எடுக்காதே. சன்னல் வெளிச்சத்தில் முதுகுப்பக்கச் சீட்டு எண்ணும் தெரியட்டும். குரூப் 4-க்குப் படிக்கிற பையன் நேரே அந்த அலமாரிக்குப் போவான். 'வாசகரின் நேரத்தைச் சேமி' என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-லேயே விதி எழுதிட்டாருல்லா?